நல்லதுக்குத்தான் செஞ்சானாம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டிலும் சொல்வார்கள், ஆபீஸிலும் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு போகிப் பண்டிகையன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இன்னும் முழுசாக இறங்கவில்லை. நினைத்தாலே காது மடல் சூடாகிறது.

அப்போது எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில். காலை ஒன்பது மணி இருக்கும். தெருவெல்லாம் டயர் எரித்த புகை. எனக்கு ஃபோன் வந்திருப்பதாக எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் எடுத்தால் என் சிநேகிதி.

"ஒண்ணுமில்லடி, சும்மாதான் பண்ணேன். பொங்கல் வேலையெல்லாம் ஆச்சா?"

"ஆச்சு. என்ன விஷயம் சொல்லு."

"ஒண்ணுமில்ல. நம்ம கம்ப்யூட்டர் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

வீடே பற்றி எரிந்தாலும் அவள் 'கொஞ்சம் சூடா இருக்கு' என்றுதான் சொல்வாள். ஒரு பேச்சில் இரண்டு தடவை 'ஒண்ணுமில்ல' வந்தால் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். பதினைந்து வருஷப் பழக்கத்தில் எனக்கு அது தெரியும். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவள் இருந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில். தாம்பரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். வீட்டில் கணவர், மாமியார். பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை எல்லாம் போக மிச்சமிருந்த நேரத்தில் ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, தாம்பரம் வட்டார ஊர்ப்பெயர்கள். பெரும்பாக்கம், மேடவாக்கம், செம்பாக்கம் என்று எத்தனை பாக்கம் உண்டோ அத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவாள். கோயில் கல்வெட்டைப் பார்ப்பாள், பழைய நிலப் பதிவேட்டைப் பார்ப்பாள், வயசானவர்களிடம் உட்கார்ந்து பேசுவாள். ஒருமுறை மேடவாக்கத்தில் நாய் துரத்தி முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பல்கலைக்கழகம் இரண்டு தடவை தவணை நீட்டித்துக் கொடுத்திருந்தது. மூன்றாவது தவணை கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது. காணும் பொங்கல் கழிந்து நாலு நாளைக்குள் ஆய்வேட்டைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் போச்சு. முடிவுரை மட்டும்தான் பாக்கி. மற்ற பதினாலு இயல்களும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டரை அவள் தன் சம்பளத்தில் வாங்கினாள். கூடப் போய்த் தேர்ந்தெடுத்தவள் நான். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் அடித்தவர்கள். நான் இங்கிலீஷ், அவள் தமிழ். தமிழ் ஹையரில் முதல் வகுப்பு வாங்கினாள். அவள் விரல்களுக்குப் பழகிய அதே டைப்ரைட்டர் வரிசையில் வேலை செய்கிற ஒரு தமிழ் ஃபாண்ட்டைத் தேடிப் பிடித்து வாங்கினோம். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை வரும், மூன்று எழுத்து அடித்தால் பழைய விண்டோஸ் வரும், பிறகு அவளுடைய தமிழ் வரும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, கிழக்கே பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தது அவளுடைய கொழுந்தன். கணவரின் தம்பி, பம்பாயில் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனியில் வேலை, பொங்கலுக்கு லீவில் வந்திருந்தான். ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் நாலு நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். திரையில் நீல வானம், வெள்ளை மேகம். மணியடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வேறு. என் சிநேகிதி சமையலறை வாசலில் கையில் போளி மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கக்கா," என்றான். "அண்ணிதான் தேவையில்லாம டென்ஷன் ஆகுறாங்க. அந்தப் பழைய விண்டோஸெல்லாம் இன்னும் யாரு வெச்சிருக்காங்க? பம்பாயில எல்லாரும் நைன்டி ஃபைவுக்கு மாறியாச்சு. போகிக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நேத்து போட்டுக் குடுத்துட்டேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"சர்ப்ரைஸ்னா எப்படிக்கா கேக்கிறது?"

நேற்று அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது நடந்திருக்கிறது. பழைய விண்டோஸ் இருந்த இடத்தைக் கறுப்புத் திரையிலேயே அடியோடு துடைத்துவிட்டுப் புதுசைப் போட்டிருக்கிறான். அதற்குள்தான் அவளுடைய தமிழ் ஃபாண்ட்டும் இருந்தது. அதுவும் சேர்ந்து போய்விட்டது. இயல்கள் தனியாக வேறு இடத்தில் இருந்ததால் அதில் தப்பின.

"அதோட நிக்கலக்கா," என்றான் பெருமையாக. "அண்ணி ஃபைல் பதினாலும் வைரஸ் அடிச்சுக் கிடந்தது. தொறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்து, செமிகோலன், ப்ராக்கெட்டு, தலையும் புரியல காலும் புரியல. புது சிஸ்டத்துல பரவிடப் போகுதேன்னு எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. நாம் தமிழ் அடிக்க அடிக்க அது உள்ளே இங்கிலீஷ் எழுத்தாகத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். ஃபாண்ட் என்கிற ஒன்று இருந்தால்தான் அதற்குத் தமிழ் உருவம் வரும். ஃபாண்ட்டை எடுத்துவிட்டால் அடியில் இருக்கிற இங்கிலீஷ் குப்பை மேலே வந்து நிற்கும். இவன் ஃபாண்ட்டை அழித்துவிட்டுப் போய்த் திறந்து பார்த்திருக்கிறான், தமிழ் தெரியவில்லை, உடனே வைரஸ் என்று முடிவு கட்டிவிட்டான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு, தமிழ் டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

"ஃபிளாப்பி எங்கடி?" என்று அவளைக் கேட்டேன். ஃபாண்ட் வந்த ஃபிளாப்பியையும், இயல்களை நகல் எடுத்த ஃபிளாப்பிகளையும் ஒரு செருப்பு டப்பாவில் போட்டு அலமாரியில் வைக்கச் சொன்னவள் நான்தான்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

"அந்தச் செருப்பு டப்பாவா? இனிமே அது தேவையில்ல, எல்லாம் உள்ளேயே இருக்குன்னு இவன்தானே சொன்னான். காலைல பழைய பாயோட சேத்து நெருப்புல போட்டேன். எரியறப்ப என்னா நாத்தம்! நீ உக்காரும்மா, போளி சாப்பிடு."

நான் தெருவில் இறங்கினேன். வாசலுக்கு நேரே சாம்பல் குவியல் கிடந்தது. குச்சியால் கிளறினேன். பிளாஸ்டிக் உருகிப் பாயோடு ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. ஃபிளாப்பியின் நுனியில் நகருமே ஒரு தகரத் தகடு, அவை மட்டும் கறுத்துப்போய் மிச்சம் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன், இன்னும் சுட்டது.

அதை அப்படியே உள்ளே கொண்டுவந்து மேஜைமேல் போட்டேன். அவளுடைய கணவர் பேப்பரை மடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"விடும்மா. அவன் நல்லதுக்குத்தானே செஞ்சான்."

நல்லதுக்கு! யாருடைய நல்லதுக்கு? "அண்ணா," என்றேன், "நாளைக்கு உங்களைக் கேக்காம உங்க ஸ்கூட்டரைப் பிரிச்சு, உள்ள இருக்கிறதைக் குப்பையில போட்டுட்டு, நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு நான் நின்னா சும்மா விடுவீங்களா?" அவர் மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நழுவிவிட்டார்கள். அந்த வீட்டில் ஒருவருக்குக் கூட 'ஐயோ, அவளோட ஏழு வருஷ உழைப்பாச்சே' என்று வாயில் வரவில்லை. அவளுக்காவது கோபம் வந்ததா? அதுவும் இல்லை. கையிலிருந்த மாவைத் தேய்த்துத் தேய்த்து உருட்டிக்கொண்டே நின்றாள். எனக்கு அவள்மேலும் ஆத்திரம் வந்தது.

கொழுந்தனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் புது விண்டோஸை எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு மெஷினில் பார்த்திருந்தேன். அதில் ஒரு குப்பைத்தொட்டி உண்டு. அழித்ததெல்லாம் முதலில் அதற்குள்தான் போய் விழும். அதையும் காலி செய்திருந்தால் கதை அத்தோடு முடிந்தது. திறந்தேன். உள்ளே பதினாலும் இருந்தன. கடவுள் புண்ணியத்தில் அவனுக்கு அதைக் காலி செய்யத் தோன்றவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

ஒன்றைத் திறந்தேன். அவன் சொன்னது மாதிரியே திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும்.

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேன்ல," என்றான்.

அப்போதுதான் அவள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு மேஜைமேல் பத்து விரல்களையும் வைத்தாள். திரையில் இருந்த ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய விரல் மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது. டைப்ரைட்டர் வரிசையில் எந்தக் கட்டைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று அவள் விரலுக்கு மனப்பாடம். விரல் சொல்லச் சொல்ல, அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"தாம்பரத்திற்குக் கிழக்கே அமைந்துள்ள செம்பாக்கம் என்னும் ஊரின் பெயர், அவ்வூர் மண்ணின் செந்நிறத்தால்..."

ஒரு பத்தி முழுக்க நிறுத்தாமல் படித்தாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"இது வைரஸ் இல்ல தம்பி. இது என் மூணாவது இயல்."

குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. அவனோ, "அப்ப ஃபாண்ட் இல்லன்னு சொல்லுங்க அண்ணி, இதுக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று சொல்லிவிட்டுப் போளி எடுத்துக்கொள்ளப் போனான். ஒரு 'சாரி' கிடையாது. ஒரு முகவாட்டம் கூடக் கிடையாது.

எழுத்து உயிரோடு இருக்கிறது, ஆனால் அப்படியே அச்சடித்துக் கொடுக்க முடியாதே. பல்கலைக்கழகத்துக்காரர்கள் மேஜையில் விரலால் தட்டிப் படிப்பார்களா? ஃபாண்ட் விற்ற கடை சென்னைக்குள் இருந்தது. பொங்கலுக்கு ஒரு வாரம் பூட்டு. தவணைக்குள் திறக்கவே மாட்டார்கள். அவள்தான் யோசித்துச் சொன்னாள். அவள் பள்ளிக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் வாராவாரம் அடிக்கிற அறிக்கை அதே ஃபாண்ட்டில்தான் வருகிறதாம். அந்த ஃபாண்ட்டைப் பற்றி அவளுக்கு முதலில் சொன்னதே அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிற பெரியவர்தானாம்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் போனோம். பதினாலு இயல்களையும் என்னிடம் இருந்த இரண்டு ஃபிளாப்பியில் ஏற்றி, கைப்பைக்குள் கைக்குட்டை சுற்றி வைத்திருந்தேன். தேவாலய வளாகத்தில் ஆபீஸ் பூட்டியிருந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா, பொங்கலும் அதுவுமா ஆபீஸ் ஏது? சாரு வூட்ல கீறாரு. பின்னால மூணாவது வூடு, போய்ப் பாரு."

பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவரை எழுப்பினோம். விஷயத்தைக் கேட்டதும், லுங்கிமேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு சாவிக் கொத்தோடு வந்தார். ஏன், எதற்கு, நாளைக்கு வா என்று எதுவும் கிடையாது. எங்களுடைய ஃபிளாப்பியைப் போட்டு மூன்றாவது இயலைத் திறந்தார். செம்பாக்கம் செம்பாக்கமாகவே வந்து நின்றது.

அவள் ஓவென்று அழுதாள். மூன்று நாளாக வீட்டில் அழாதவள், யாரோ ஒருத்தர் ஆபீஸில் நின்று அழுதாள். பெரியவர் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அழாதம்மா. ஏழு வருஷம் பொறுத்தவ, இன்னும் அஞ்சு நாள்தானே?" என்றார். ஃபாண்ட்டை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "இதை அலமாரியில வெக்காத, உன் பீரோவுல வெச்சுப் பூட்டு," என்றார். அந்த வீட்டைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்திருந்தது.

காணும் பொங்கலன்று வீட்டில் எல்லாரும் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பினார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் விடியற்காலையில் எழுந்து கட்டிக் கொடுத்தவள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் போனதும் உட்கார்ந்தோம். புது விண்டோஸில் ஃபாண்ட்டைப் போட்டேன், பதினாலையும் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தோம். அவள் முடிவுரையை நேராகவே அடித்தாள். விரல்கள் பறந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது, நன்றியுரை ஒன்றைத் தவிர.

தமிழ் ஆய்வேட்டில் நன்றியுரை இல்லாமல் இருக்காது. நெறியாளர், துறைத் தலைவர், கல்லூரி முதல்வர், நூலகர், பெற்றோர், கணவர், மாமியார் என்று ஒருவர் விடாமல் வரிசை போகும். விட்டால் மனஸ்தாபம். அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டலூர்க் கூட்டம் திரும்பி வந்தது. மாமியார் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"நன்றி போடுறியா? கொழுந்தனையும் போடு. லீவுல வந்தவன் ஒக்காந்து உனக்குப் புது சிஸ்டம் போட்டுக் குடுத்திருக்கான்."

"போடுறேன் அத்தை," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அடித்தாள். 'கணினியைப் புதுப்பித்துத் தந்து இவ்வாய்வு நிறைவுபெற உதவிய அன்புக் கொழுந்தனாருக்கு...' அவன் பின்னால் நின்று படித்துவிட்டு, "எதுக்கு அண்ணி இதெல்லாம்," என்று சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வாசல்வரை பின்னால் வந்தாள். "ஏண்டி, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். "அழிச்சவனுக்கு நன்றியா? நீயெல்லாம் என்ன டீச்சர், புள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக்குடுப்ப?" பதிலுக்கு நிற்காமல், திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டில் மறுபடி கூப்பிட்டார்கள். "ஒண்ணுமில்லடி. பைண்டிங் குடுக்கப் போறேன். கூட வர்றியா?" போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் போனேன்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் பைண்டிங் கடை. பல்கலைக்கழகத்துக்கு நாலு பிரதி, வீட்டுக்கு ஒரு பிரதி. ஐந்து கட்டுகளையும் மேஜைமேல் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து தனியாக ஒரு உறை எடுத்து, அதிலிருந்து ஐந்து தாள்களை எண்ணி வைத்தாள்.

"இந்த நாலும் இந்த நாலு கட்டுக்கு. இது ஒண்ணு மட்டும் இந்தக் கட்டுக்கு. மாத்திடாதீங்க அண்ணா."

கடைக்காரர் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். "இன்னாமா, ரெண்டும் வேற வேறயா கீதே?"

"தெரியும். அப்படித்தான் வேணும்."

நான் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டுமே நன்றியுரை. வீட்டுக் கட்டுக்குப் போகிற ஒன்றில் கொழுந்தனார் இருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகிற நாலில் அவர் இல்லை. அந்த இடத்தில், 'எரியாமல் எஞ்சிய எழுத்துகளை மீட்டுத் தந்த என் தோழிக்கும், பண்டிகை நாளென்று பாராமல் கதவு திறந்த பெரியவருக்கும்' என்று இருந்தது.

திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அவமானமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "இதை வீட்லயே நேரா சொன்னா என்னடி?"

"சொன்னா ஒரு மாசம் பேஜாரு. இதுக்கு அரைப் பக்கம்தான் ஆச்சு," என்றாள்.

தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே நாங்கள் இரண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த வருஷம் அவளுக்குப் பட்டம் வந்தது. வீட்டுப் பிரதியை மாமியார் ஹால் ஷோகேஸில், வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு நான் அங்கே போயிருந்தேன். கொழுந்தனும் வந்திருந்தான், கல்யாணமாகியிருந்தது. ஷோகேஸைத் திறந்து ஆய்வேட்டை எடுத்து, புது மனைவிக்குத் தன் வரியை விரலால் தொட்டுக் காட்டினான். "பாருங்கக்கா, அண்ணி மறக்கவே இல்ல," என்று எனக்கும் காட்டினான். அந்தப் பக்கத்தில் மட்டும் விரல் பட்டுப் பட்டு ஓரம் அழுக்காகியிருந்தது. அதற்கு அடுத்த தாள்கள் பைண்டிங் கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி ஒட்டிக்கொண்டிருந்தனவோ அப்படியே இருந்தன.

மனைவி அப்பாவியாகக் கேட்டாள். "ஏங்க, இந்த ஊருக்கு ஏன் ராஜகீழ்ப்பாக்கம்னு பேரு வந்தது?"

அவன் ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "அண்ணி, நம்ம ஊருக்கு ஏன் இந்தப் பேரு?"

"அது உங்க கையிலேயே இருக்கு தம்பி," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவன் சிரித்தான். ஆய்வேட்டை மூடி ஷோகேஸில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.